பெண்களும் மோட்டார் ரேஸும்: சென்னையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ரேஸ் நடக்கும் சனி, ஞாயிறுகளில் நான் கொடி பிடிக்கும் மார்ஷல். மற்ற நாட்களில் அம்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ட்ராக்கில் ஓட்டும் பெண்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கல்யாண வீட்டுப் பந்தியாக இருந்தாலும் ஆபீஸ் கேன்டீனாக இருந்தாலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, என் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பொண்ணுங்க நிஜமாவே ரேஸ் ஓட்டுறாங்களா? சென்னையில் நான் பார்த்ததே இல்லையே.

ஓட்டுகிறார்கள், அதுவும் பல வருடங்களாக. அலிஷா அப்துல்லா நம்ம சென்னைக்காரர். அப்பா ஆர்.ஏ. அப்துல்லா பைக் ரேஸில் தேசிய சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றவர். மகள் சின்ன வயதில் கார்ட்டிங்கில் (தரையை ஒட்டி ஓடும் சின்னத் திறந்த கார்களின் ரேஸ்) தொடங்கி, பைக்குக்குப் போய், அங்கிருந்து காருக்கு வந்தார். தனிப் பிரிவு, தனிக் கோப்பை எதுவும் எதிர்பார்க்காமல் ஆண்கள் நிற்கும் அதே கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்கும் வரிசையில், நின்று ஓட்டியவர். பிறகு பெண்களுக்காகப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். அவருக்குப் பின்னால் ஆன் ஜெனிஃபர், ஜெகதிஸ்ரீ குமரேசன், ரிஹானா என்று நம்ம ஊர்ப் பெண்கள் தேசிய பைக் சாம்பியன்ஷிப்பின் பெண்கள் பிரிவில் ஓட்டி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மோட்டார் ஸ்போர்ட்ஸில் இந்தியாவுக்கு முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்தவர் யார் என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஃபார்முலா 1-ல் ஓட்டிய ஆண்களின் பெயரைத்தான் சொல்வார்கள். வாங்கித் தந்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே. பாலைவனத்திலும் கரடுமுரடான காட்டுப் பாதையிலும் பைக் ஓட்டும் பாஹா பந்தயங்களின் உலகக் கோப்பையில், 2019-ல் பெண்கள் பிரிவை வென்றார். அதற்கு முந்தைய வருடம்தான் ஸ்பெயினில் அரகான் பாஹாவில் விழுந்து கணையத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். எழுந்து வந்து அடுத்த வருடமே பட்டம். ஒரு கிரிக்கெட்டர் இதைச் செய்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தேதியோடு சொல்லும்.

அப்படியென்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

இடம் ஒரு காரணம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஊரே திரண்டு போய்ப் பார்த்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ட்ராக் கட்டியது. 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள், பாதுகாப்பில் சோழவரத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

இன்னொரு காரணம், 'ரேஸ்' என்கிற வார்த்தையே. எங்கள் பாட்டிக்கு ரேஸ் என்றால் கிண்டி குதிரைப் பந்தயம், பணம் கட்டித் தோற்றுப்போகிற விஷயம். எங்கள் அம்மாவுக்கு ரேஸ் என்றால் ராத்திரி மெரினா ரோட்டில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பைக் விடுகிற பையன்கள், போலீஸ் துரத்தல், மறுநாள் பேப்பரில் விபத்துச் செய்தி. இந்த இரண்டு படங்கள்தான் மனதில் இருக்கிறது என்றால், அந்த இடத்தில் தன் பெண்ணை யார் வைத்துப் பார்ப்பார்கள்? ட்ராக்கில் நடப்பது வேறு என்பதைக் கண்ணால் பார்த்தால் ஒழிய நம்ப மாட்டார்கள். அதனால்தான் ஓட்டும் பெண்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று நான் விடாமல் பேசுகிறேன். ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் இருப்பது ஊருக்குத் தெரியவில்லை.

தீவுத்திடல் பக்கம் ராத்திரி கார் ரேஸ் நடந்ததே, அதில் பெண்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் நடந்தது. அதில் ஓடிய இந்தியன் ரேசிங் லீகில் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. நேப்பியர் பாலம் பக்கம் வேலியோரம் நின்றிருந்த கூட்டத்தில், கடந்து போன காருக்குள் பெண் இருப்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? ஹெல்மெட் போட்டால் எல்லோரும் ஒன்றுதான். விளையாட்டின் அழகே அதுதான், ஆனால் அடையாளம் தெரியாமல் போவதும் அதனால்தான். ஓட்டுநரின் பெயரைப் பெரிய எழுத்தில், தமிழிலும் காரில் எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடம்பில் அவ்வளவு வலு வேண்டாமா, மேடம்? பெண்களால் முடியுமா?

வலு வேண்டும். ஃபார்முலா 1-க்குக் கீழ்ப்படிகளான ஃபார்முலா 2, ஃபார்முலா 3 கார்களில் பவர் ஸ்டியரிங் கிடையாது. வளைவில் தலையை ஒரு பக்கமாக இழுக்கும், கழுத்து அதைத் தாங்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் நெருப்புத் தாங்கும் உடையைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டினாலே உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வேர்வையாகப் போய்விடும். இது ஆணுக்கும் அப்படித்தான். கழுத்தும் தோளும் பயிற்சியில் வளரும். பைக்கில் எடை குறைவாக இருப்பது சாதகமும்கூட.

முடியுமா என்பதற்கு வரலாறு பதில் சொல்லிவிட்டது. பிரான்சின் மிஷேல் மூட்டோன் 1981-ல் இத்தாலியின் சான்ரெமோவில் உலக ராலி சாம்பியன்ஷிப் சுற்றை வென்றார். 1982-ல் இன்னும் மூன்று ராலிகள் வென்று, மொத்தப் பட்டியலில் இரண்டாவது இடம். ஜெர்மனியின் யூட்டா கிளைன்ஷ்மிட் 2001-ல், பாலைவனம் தாண்டிப் பல நாள் ஓடும் டக்கார் ராலியை வென்றார். ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ 2018-ல் ஆண்களோடு போட்டியிட்டு சூப்பர்ஸ்போர்ட் 300 என்கிற பைக் ரேஸில் உலகப் பட்டத்தையே எடுத்தார்.

ஃபார்முலா 1-ல் மட்டும்தான் வெற்றி இன்னும் எட்டவில்லை. இன்றுவரை அதில் ரேஸ் தொடங்கிய பெண்கள் இருவரே: 1958-ல் மரியா தெரேசா டி ஃபிலிப்பிஸ், 1970-களில் லெல்லா லொம்பார்டி. லொம்பார்டி 1975 ஸ்பெயின் ரேஸில் ஆறாவதாக வந்தார். பாதியில் நிறுத்தப்பட்ட ரேஸ் என்பதால் பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். ஒரு பெண் ஃபார்முலா 1-ல் வாங்கிய புள்ளி மொத்தமும் அந்த அரைப் புள்ளி.

ஆண்களோடு ஓட்ட முடியும் என்றால் பெண்களுக்கு ஏன் தனிப் பிரிவு?

என்னிடம் கோபமாகக் கேட்கப்படும் கேள்வி இது. கேட்பவர்களில் பாதிப் பேர் ஓட்டும் பெண்களே.

நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். இருபது பேர் நிற்கும் கிரிட்டில் ஒரே ஒரு பெண் நின்றால், அவள் எப்படி ஓட்டினாலும் அது 'பெண்கள் எப்படி ஓட்டுகிறார்கள்' என்பதற்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. கடைசியாக வந்தால் எல்லாப் பெண்களும் கடைசி. பன்னிரண்டு பெண்கள் ஒன்றாக நின்றால் ஒருத்தி வேகமானவள், ஒருத்தி மழையில் கெட்டிக்காரி, ஒருத்தி ஸ்டார்ட்டில் சொதப்புகிறவள் என்று ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிகிறது. தனிப் பிரிவில் எனக்குப் பிடித்தது இதுதான். நம்ம தேசிய சாம்பியன்ஷிப்பின் பெண்கள் பிரிவும், டிவிஎஸ் நடத்தும் பெண்களுக்கான ஒன்-மேக் போட்டியும் இதைச் செய்கின்றன. ஒன்-மேக் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி பைக். அங்கே பைக்கைக் காரணம் காட்ட முடியாது, கைதான் பேச வேண்டும்.

ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது. வெளிநாட்டில் டபிள்யூ சீரிஸ் என்று பெண்களுக்கான கார் ரேஸ் 2019-ல் தொடங்கியது. நடந்த மூன்று சீசனிலும் ஜேமி சாட்விக்தான் சாம்பியன். மூன்று பட்டம் வாங்கியும் ஃபார்முலா 3-ல் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, அமெரிக்கா போனார். 2022-ல் பணம் தீர்ந்து போட்டியே நின்றுவிட்டது. 2023-ல் வந்த எஃப்1 அகாடமி என்கிற பெண்களுக்கான கார் ரேஸ் இதிலிருந்து பாடம் கற்றிருக்கிறது. சாம்பியன் ஆனவர் மறுபடி அங்கே ஓட்ட முடியாது, மேலே போயாக வேண்டும். 2024-ல் வென்ற அபி புல்லிங்குக்கு அடுத்த வருடம் பிரிட்டனின் ஜிபி3 கார் ரேஸில், செலவையும் ஏற்று இடம் கொடுத்தார்கள். தனிப் பிரிவை வென்றவருக்கு அடுத்த படி என்ன என்பது முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். இங்கே நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

செய்தியில் எப்படி எழுதினால் சரியாக இருக்கும்? (ஒரு இளம் நிருபர் கேட்டது)

கேட்டதற்கே நன்றி, தம்பி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், பெண்கள் பிரிவு ரேஸ் முடிந்து, வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் பிட் பக்கம் நின்றிருந்தேன். ஜெயித்த பெண் கடைசி லாப்பில் (சுற்றில்), பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, உள்பக்கமாக நுழைந்து முந்தியிருந்தாள். நான் நின்ற போஸ்டுக்கு எதிரிலேயே நடந்தது. முன்னால் போன பைக்கின் பின் டயருக்கும் இவள் முன் டயருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். மைக் நீட்டியவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் சமைப்பீங்களா?" இரண்டாவது, "மேக்கப் கலையாதா?" அந்த முந்தலைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அவள் சிரித்துச் சமாளித்தாள். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு நின்றேன், எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஆகவே தம்பி, லாப் டைம் எழுதுங்கள். எந்த வளைவில் முந்தினாள் என்று எழுதுங்கள். எத்தனையாவது இடத்தில் தொடங்கி எத்தனையாவதாக முடித்தாள், எந்த பைக், யார் மெக்கானிக் என்று எழுதுங்கள். முதலாவதாக வந்தவரை மட்டும் எழுதாமல் நான்காவதாக வந்தவர் பெயரையும் போடுங்கள். அவர்களுடைய ஸ்பான்சர் தேடும் ஃபைலில் அந்த ஒரு துண்டுச் செய்திதான் ஒட்டப்படும். புகைப்படத்தில் பைக்கின் மேல் இருக்கும் படம் ஒன்று கட்டாயம் வேண்டும். 'ஆணுக்கு நிகராக' என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் ஓட்டியது கடிகாரத்தோடு.

'பெண் ரேஸர்' என்று சொல்லலாமா?

ஜெகதிஸ்ரீயின் பெயரைப் போட்ட பிறகு அந்த 'பெண்' எதற்கு? பெண்கள் பிரிவு என்பது போட்டியின் பெயர், அதைச் சொல்லலாம். மற்றபடி ரேஸர் போதும், வீராங்கனை என்பதும் நல்ல தமிழ்.

என் பொண்ணுக்குப் பதினொரு வயசு. எங்கே ஆரம்பிக்கணும்?

கார்ட்டிங்கில். கார் ரேஸில் பெரிய ஆட்கள் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஈசிஆர் பக்கம் வாடகைக்கு கார்ட் ஓட்டும் இடங்கள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையிலேயே பெரிய ட்ராக்குக்குப் பக்கத்தில் கார்ட்டிங் ட்ராக்கும் வந்துவிட்டது. முதலில் நான்கைந்து தடவை வாடகை கார்ட்டில் விட்டுப் பாருங்கள். இறங்கியதும் "இன்னொரு தடவை" என்று கேட்கிறாளா, "போலாம்பா" என்கிறாளா என்று கவனியுங்கள். அதற்கு முன் எதையும் வாங்காதீர்கள்.

போட்டியில் இறங்க, எஃப்எம்எஸ்சிஐ என்கிற தேசியக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று, அங்கீகாரம் பெற்ற பயிற்சி, சிறு வயது என்றால் பெற்றோர் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். ஃபார்முலா 4-க்கு 15 வயது ஆக வேண்டும்.

அடிபட்டா என்னங்க பண்றது? நான் அப்பாவா கேக்குறேன்.

அடிபடாது என்று பொய் சொல்ல மாட்டேன், சார். பைக் ரேஸில் காறை எலும்பு உடைவது சகஜம்.

ஆனால் உங்கள் பெண் தினமும் ஸ்கூட்டியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறாள் என்றால் அதையும் சேர்த்துப் பாருங்கள். ட்ராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லாரி வராது, பள்ளம் இருக்காது, ஷேர் ஆட்டோ சடாரென்று நிற்காது. விழுந்தால் சறுக்கி நிற்க இடம் விட்டிருக்கிறார்கள். உடம்பு முழுக்க லெதர், முதுகில் கவசம், ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். விழுந்த ஆளுக்கு உதவ நாங்கள் மஞ்சள் கொடி காட்டிக்கொண்டு ஓடுவோம். ட்ராக்கில் பழகிய பிள்ளைகள் ரோட்டில் நிதானமாக ஓட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். வேகத்துக்கு இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

செலவு எவ்வளவு ஆகும்?

அதிகம். டயர், பயணம், நுழைவுக் கட்டணம், உடை, விழுந்தால் ரிப்பேர். கார் என்றால் இன்னும் பல மடங்கு. நடுத்தரக் குடும்பத்துக்கு நடைமுறையில் திறந்திருக்கும் கதவு, கம்பெனிகள் நடத்தும் ஒன்-மேக் தேர்வுகள்தான். பைக் அவர்களுடையது, தேர்வு நாளில் உங்கள் பெண்ணின் நேரம் நன்றாக இருந்தால் போதும். செய்தியில் பெயர் வருவது ஏன் முக்கியம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் பணமாகிறது. பெயர் தெரியாத ஆளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட எந்தக் கடைக்காரரும் காசு தர மாட்டார்.

அக்கா, உடை கையுறை எல்லாம் என் அளவில் கிடைக்குமா?

கடினம்தான். ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண் பயிற்சிக்கு இரவல் லெதர் சூட்டில் வந்தாள். தோளில் தொளதொள, இடுப்பில் இறுக்கம். அதைவிட மோசம் கையுறை. விரல் நுனியில் அரை அங்குலம் காலியாக மடங்கி நின்றது. பிரேக் லீவரைப் பிடிக்கும்போது அந்த மடிப்பு முதலில் லீவரில் பட்டு வழுக்கி, அப்புறம்தான் நிஜ விரல் போய்ச் சேர்ந்தது. 'லேட்டா பிரேக் பிடிக்கிறாள்' என்று எல்லோரும் அவளையே சொன்னார்கள். பெரியமேட்டில் லெதர் தைக்கும் பாய் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் அவள் கையை ஒரு பழைய நோட்டில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொரு விரலாக அளந்து, கையுறையைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அவள் பிரேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. அளவெடுத்துத் தைக்க நம்ம ஊரில் ஆள் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புக் கவசங்களும் சூட்டும் போட்டி விதிப்படி தரச்சான்று உள்ளவையாக இருக்க வேண்டும். பிரிக்கும் முன் பயிற்சியாளரிடம் காட்டிவிடுங்கள்.

மாதவிடாய் நாளில் ஓட்டலாமா?

ஓட்டுகிறார்கள். வலி இருந்தால் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடியுங்கள். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் பிட்டுக்கு அருகிலேயே வேண்டும். இது சலுகை இல்லை. ரேஸ் நடத்துபவர்களிடம் எழுத்தில் கேளுங்கள், நாங்களும் கேட்கிறோம்.

எனக்கு ஓட்ட வராது. வேறு ஏதாவது வேலை இருக்கா?

நிறைய இருக்கிறது. என்னைப் போல மார்ஷலாகலாம், பயிற்சி கொடுப்பார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ரேஸ் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமான ஆள் வருகிறார், வழி விடு. இரண்டு நாளில் கொடிகள் பழகிவிடும், வெயில் பழகத்தான் நாளாகும். நேரக் கணக்கு, தொழில்நுட்பப் பரிசோதனை, மருத்துவக் குழு, வர்ணனை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் தேவை. தமிழில் வர்ணனை செய்ய ஒரு பெண் குரல் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பொறியியல் படிக்கிறீர்கள் என்றால் மாணவர்களே ரேஸ் கார் கட்டிப் போட்டிக்குப் போகும் ஃபார்முலா ஸ்டூடண்ட் அணி கல்லூரியில் இருந்தால் அதில் சேருங்கள். ஐஐடி மெட்ராஸில் ரஃப்தார் என்று ஒரு அணி இருக்கிறது, வேறு பல கல்லூரிகளிலும் உண்டு. 'டிசைன் பண்ணு, பிரசன்டேஷன் பண்ணு' என்று பெண்களை லேப்டாப் முன் உட்கார வைப்பார்கள். விடாதீர்கள், ஸ்பேனரையும் கையில் எடுங்கள். 2025-ல் ஃபார்முலா 1-ன் ஹாஸ் அணியில் லாரா முல்லர், ஓட்டுநரோடு ரேடியோவில் பேசி வழிநடத்தும் ரேஸ் இன்ஜினியர் ஆனார். ஃபார்முலா 1-ல் அந்தப் பொறுப்பை முழுநேரமாக ஏற்ற முதல் பெண் அவர்.

வீட்டில் ஒத்துக்கவே மாட்டேங்கிறாங்க, அக்கா. எனக்கு 19 வயசு.

வாதாடாதே, கூட்டிக்கொண்டு வா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு ட்ராக்குக்கு வந்து உட்கார். பேடாக்கில், அதாவது பிட்டுக்குப் பின்னால் அணிகள் தங்கும் இடத்தில், தன் பெண்ணின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மாவைப் பார்ப்பார்கள். உன் அம்மா அவரிடம்தான் நிஜமான கேள்விகளைக் கேட்பார், என்னிடமோ உன்னிடமோ கேட்க மாட்டார். அதுவரைக்கும் ஈசிஆரில் ராத்திரி நண்பர்களோடு பைக் விடுகிற வேலை வேண்டவே வேண்டாம். அது ஒன்று போதும், வீட்டுக் கதவு மொத்தமாக மூடிக்கொள்ளும்.

சரி, பார்க்க வரணும்னா எப்படி வர்றது?

பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் தாண்டி, ஹூண்டாய் தொழிற்சாலை இருக்கும் ஊர். ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் போகும் பேருந்தில் ஏறி இருங்காட்டுக்கோட்டை என்று சொல்லி இறங்கலாம். தொப்பி, தண்ணீர், காதில் வைக்கப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பஞ்சு கட்டாயம். உள்ளே வந்ததும் அன்றைய நேர அட்டவணையைக் கேட்டு, பெண்கள் பிரிவு எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு அப்புறம் சாப்பிடப் போங்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பவர்களை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.